உயிரணுவுக்குள் நடமாடும் ஏற்பிகள்



பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். சில மரங்களில் வெட்டுக்கோட்டின் அருகே பட்டையில் ஒரு மருந்தைப் பூசுவார்கள். அதன்பின் பால் வழக்கத்தைவிட நெடுநேரம் வடியும், மங்கும் நிறையும். அந்த மருந்தின் பெயர் எத்திஃபான். பட்டைக்குள் சென்றதும் அதிலிருந்து எத்திலீன் என்ற வாயு வெளிப்படுகிறது. எத்திலீன் உரமன்று, மரத்துக்கு உணவுமன்று. "பால் வரும் வழியைச் சீக்கிரம் அடைத்துவிடாதே" என்று மரத்துக்குச் சொல்லப்படும் ஒரு செய்தி, அவ்வளவுதான். மரம் தன் உடலில் தானே உண்டாக்கிக்கொள்ளும் செய்திப் பொருள்களுள் அதுவும் ஒன்று.

இத்தகைய செய்திப் பொருள்கள் மனித உடலிலும் உண்டு. அவற்றை ஹார்மோன்கள் என்கிறோம். இயக்குநீர் என்று தமிழில் சொல்வாரும் உளர். பெண் குழந்தை பருவமடைவதும், தாய்க்குப் பால் சுரப்பதும், பையனுக்கு மீசை அரும்புவதும் இவற்றின் வேலையே. சுரப்பியிலிருந்து புறப்படும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றுகிறது. ஆனால் எல்லா உறுப்பும் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன் கை, கால், முதுகுத் தசைகளின் வழியாகவும்தான் போகிறது. அங்கெல்லாம் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. கருப்பையும் மார்பகமும் மட்டும் வளர்கின்றன. ஏன்?

தபால்காரர் லயத்தில் எல்லா வீட்டு வாசலையும் கடந்துதான் போகிறார். எந்த வீட்டுக்குக் கடிதமோ அந்த வீட்டில்தான் நிற்கிறார். அதுபோல, ஹார்மோன் என்ற கடிதத்தைக் கைநீட்டி வாங்க ஒரு பொருள் சில உயிரணுக்களில் மட்டும் நிறைய இருக்கிறது. அந்தப் பொருளுக்கு ஏற்பி என்று பெயர். அது உயிரணுவில் எங்கே இருக்கிறது? ஒரே இடத்தில் நிற்கிறதா, நடமாடுகிறதா? இந்தச் சிறு கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாற்றை இன்று பார்ப்போம். அந்த வரலாற்றில் பதினாறு ஆண்டுகள் அறிஞர் உலகம் நம்பிய தவறான விடை ஒன்றும் உண்டு. அதே வரலாறுதான் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் பலருடைய உயிரைக் காக்கும் மருந்துக்கும் வழிகாட்டியது.

சேவல் சொன்ன செய்தி

1848-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் கோட்டிங்கன் என்னும் ஊரில் ஆர்னால்டு பெர்த்தோல்டு என்ற பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். விதை எடுத்த சேவலின் கொண்டை சிறுத்துப்போகும், அது கூவாது, சண்டைக்கும் போகாது. இது கோழி வளர்ப்பவர்கள் எல்லாரும் அறிந்ததே. பெர்த்தோல்டு சில சேவல்களில் விதையை அதன் இடத்திலிருந்து அறுத்தெடுத்து, வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்துத் தைத்தார். நரம்புத் தொடர்பு அறுந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சேவல்களுக்குக் கொண்டை செழித்து வளர்ந்தது; அவை கூவின; சண்டையும் போட்டன. விதையிலிருந்து ஏதோ ஒன்று நரம்பின் வழியாக அல்லாமல், இரத்தத்தின் வழியாகவே சென்று உடல் முழுவதையும் இயக்குகிறது என்று அவர் 1849-இல் எழுதினார். அந்தக் கருத்தை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின், 1902-இல், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் அதே உண்மையை வேறொரு வகையில் நிலைநாட்டினார்கள். இரைப்பையிலிருந்து உணவு சிறுகுடலுக்குள் இறங்கியதும் கணையம் தன் சாற்றைச் சுரக்கிறது. குடலுக்குரிய நரம்புகளை அறுத்த பின்னும் அது சுரந்தது. குடற்சுவரிலிருந்து எடுத்த சாற்றை இரத்தத்தில் செலுத்தினால் அப்போதும் சுரந்தது. இரத்தம் செய்தி சுமக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. இப்படிப்பட்ட பொருள்களுக்கு 1905-இல் ஸ்டார்லிங் ஹார்மோன் என்று பெயரிட்டார். தூண்டிவிடுதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அதே 1905-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாங்லி என்ற அறிஞர், மருந்துகளை ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருள் உயிரணுக்களில் இருக்கவேண்டும் என்று எழுதினார். ஏற்பி என்ற எண்ணத்துக்கு வித்திட்டவர்களுள் அவரும் ஒருவர். ஆனால் அத்தகைய பொருளை அன்று எவரும் கண்டதில்லை.

மூவரில் ஒருவர்

இதற்கிடையே ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர் ஒரு துணிச்சலான காரியம் செய்திருந்தார். கன்று ஈன்ற பசுவின் சூலகத்தை எடுத்துவிட்டால் அது நெடுநாள் பால் தரும் என்று சில நாடுகளில் விவசாயிகள் நம்பி அவ்வாறு செய்துவந்ததை அவர் கேள்விப்பட்டிருந்தார். சூலகத்துக்கும் மடிக்கும் தொடர்பு இருக்குமானால், பெண்ணின் சூலகத்துக்கும் மார்பகத்தில் வரும் புற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் அல்லவா? 1895-இல், மார்பகப் புற்று முற்றிப்போய்க் கைவிடப்படும் நிலையில் இருந்த 33 வயதுப் பெண் ஒருவருக்கு அவர் சூலகங்களை நீக்கினார். சில மாதங்களில் கட்டி கரைந்தது. அந்தப் பெண் மேலும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1896-இல் பீட்சன் இதை வெளியிட்டபோது ஹார்மோன் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை.

மற்ற மருத்துவர்களும் இதைச் செய்து பார்த்தார்கள். பலன் பெற்றவர்கள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்தான். மீதி இருவர் வயிற்றைக் கிழித்துக்கொண்டும், உறுப்பை இழந்தும், ஒரு பலனும் காணவில்லை. பலன் பெறப்போகும் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல எந்த வழியும் இல்லை. இந்த நிலை ஐம்பது, அறுபது ஆண்டுகள் நீடித்தது. மூவரில் யார் என்ற அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நேயர்களே. இனி வரும் கதை முழுவதும் அதைச் சுற்றியதுதான்.

மலையேறிய வேதியியலார்

அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்ற வேதியியலார் 1947-இல் வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முன் அவர் சுவிட்சர்லாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது மேட்டர்ஹார்ன் என்ற செங்குத்தான மலையின் உச்சிக்கு ஏறியவர். அந்த மலையில் முதன்முதலில் ஏறிய எட்வர்டு விம்பர் இத்தாலியப் பக்கமாகப் பலமுறை ஏறித் தோற்றார். 1865-இல், ஏறவே முடியாது என்று பிறர் ஒதுக்கிய சுவிஸ் பக்கமாக ஏறி உச்சியை அடைந்தார். எல்லாரும் போகும் வழியில் வெற்றி இல்லையென்றால் மறுபக்கம் போய்ப் பார் என்பதே இதில் தாம் கற்ற பாடம் என்று ஜென்சன் கூறுவார்.

அந்நாளில் எல்லாரும் போன வழி எது? ஈஸ்ட்ரோஜென் கருப்பைக்குள் சென்று, அங்கே வேதியியல் மாற்றம் அடைந்து, அந்த மாற்றத்தின் மூலமே கருப்பையை வளர்க்கிறது என்று பெரும்பாலோர் எண்ணினார்கள். அந்த மாற்றத்தைத் தேடி உழைத்தார்கள். ஜென்சன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஹார்மோன் கருப்பையை என்ன செய்கிறது என்பது இருக்கட்டும். கருப்பை ஹார்மோனை என்ன செய்கிறது?

இதைக் காண அவர் ஜேக்கப்சன் என்ற தம் தோழருடன் சேர்ந்து ஹார்மோனுக்கு ஓர் அடையாளம் வைத்தார். ஹைட்ரஜனின் கதிரியக்க வகையான டிரிடியத்தை ஈஸ்ட்ரோஜெனில் இணைத்தார். அது எங்கே போனாலும் அதன் கதிர்களை அளந்து தெரிந்துகொள்ளலாம். இந்த ஹார்மோனைப் பருவமடையாத பெண் எலிகளுக்கு மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் செலுத்தினார்கள். இரத்தத்துக்கும் தசைக்கும் ஹார்மோன் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. கருப்பையிலோ மணிக்கணக்கில் தங்கியது. அதைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது எந்த வேதியியல் மாற்றமும் அடையாமல் உள்ளே போனபடியே இருந்தது. ஆகவே ஹார்மோன் அங்கே மாறவில்லை. ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதுதான் ஏற்பி.

1958-இல் வியன்னா நகரில் நடந்த உலக உயிர்வேதியியல் மாநாட்டில் ஜென்சன் இதை எடுத்துரைத்தார். கேட்க வந்திருந்தவர்கள் ஐந்து பேர். அவர்களிலும் மூவர் அடுத்துப் பேச வேண்டியவர்கள் என்று அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. பழைய கருத்தைப் பற்றிய கூட்டம் அதே மாநாட்டில் நிரம்பி வழிந்ததாம்.

அம்மியில் அரைத்த உயிரணு

1966-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜாக் கோர்ஸ்கியும் டேவிட் டாஃப்ட்டும் அந்த ஏற்பியை எலியின் கருப்பையிலிருந்து தனியே பிரித்துக் காட்டினார்கள். அது ஒரு புரதம் என்று தெரிந்தது. அடுத்து எழுந்த கேள்வி, அது உயிரணுவில் எங்கே இருக்கிறது என்பது.

உயிரணுவின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. நூறு உயிரணுக்களை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வரும். அதன் நடுவில் உட்கரு என்ற பகுதி இருக்கிறது. எந்தப் புரதத்தை எப்போது செய்யவேண்டும் என்று கட்டளையிடும் மரபணுக்கள் அந்த உட்கருவில்தான் உள்ளன. உட்கருவைச் சுற்றியுள்ள கூழ்போன்ற பகுதிக்குச் சைட்டோபிளாசம் என்று பெயர்.

அக்காலத்தில் இவற்றைப் பிரித்தறியப் பெரும்பாலும் ஒரு முறையைக் கையாண்டார்கள். திசுவை நீரோடு சேர்த்து அரைத்து, அரைத்ததை ஓர் இயந்திரத்தில் வைத்து அதிவேகமாகச் சுற்றவேண்டும். கனமான உட்கருக்கள் அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். ஹார்மோன் தராத எலியின் கருப்பையை அப்படி அரைத்தபோது, ஏற்பி மேலிருந்த நீரில் கிடைத்தது. ஹார்மோன் தந்தபின் அரைத்தபோது, ஏற்பி அடியில் படிந்த உட்கருக்களோடு கிடைத்தது.

இதற்கு என்ன பொருள்? 1968-இல் ஜென்சன் குழுவும் கோர்ஸ்கி குழுவும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. ஏற்பி சைட்டோபிளாசத்தில் காத்திருக்கிறது. ஹார்மோன் வந்ததும் அதை ஏந்திக்கொண்டு உட்கருவுக்குள் பயணம் செய்கிறது. அங்கே மரபணுக்களைத் தூண்டுகிறது. இதற்கு இரண்டு படிக் கொள்கை என்று பெயர் வந்தது. பாடநூல்களில் படம் போட்டார்கள். மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள்.

இந்தக் கொள்கையில் ஒரு பெரிய உண்மை இருந்தது. ஹார்மோனும் ஏற்பியும் சேர்ந்து உட்கருவில் மரபணுக்களின் மீது வேலை செய்கின்றன என்பது இன்றும் நிற்கும் உண்மை. ஆனால் ஈஸ்ட்ரோஜென் ஏற்பி முதலில் எங்கே இருந்தது என்ற பகுதியில்தான் பிழை நேர்ந்தது. அம்மியில் வைத்துத் துவையல் அரைத்துவிட்ட பிறகு, மிளகாய் எந்தப் பக்கம் இருந்தது, தேங்காய் எந்தப் பக்கம் இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? உயிரணுவையும் அரைத்துவிட்டுத்தான் அவர்கள் இடம் தேடினார்கள்.

தாமே திருத்திய தவறு

1984-ஆம் ஆண்டு 'நேச்சர்' என்ற ஆங்கில அறிவியல் இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்று, சிக்காகோவிலிருந்து கிங், கிரீன் என்ற இருவர் எழுதியது. கிரீன் ஜென்சனோடு சேர்ந்து உழைத்தவர். ஏற்பியை மட்டும் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதங்களை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். உயிரணுக்களை அரைக்காமல், முழுமையாக வைத்து, அந்த எதிர்ப்புரதத்தால் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். ஹார்மோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாயம் உட்கருவில்தான் ஏறியது.

மற்றொன்று, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வெல்ஷான்ஸ், லீபர்மன், கோர்ஸ்கி என்ற மூவர் எழுதியது. ஆம், இரண்டு படிக் கொள்கையை வகுத்த அதே கோர்ஸ்கிதான். பூஞ்சையிலிருந்து கிடைக்கும் ஒரு மருந்தைக் கொடுத்து, வேகமாகச் சுற்றினால், உயிரணு நொறுங்காமல் அதன் உட்கரு மட்டும் தனியே கழன்று வரும். அப்படிப் பிரித்துப் பார்த்தபோது, ஹார்மோன் ஏறாத ஏற்பியும் உட்கருப் பகுதியில்தான் பெரும்பாலும் இருந்தது.

அப்படியானால் முன்னே தெளிந்த நீரில் ஏற்பி கிடைத்தது எப்படி? செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். குலையை வெட்டித் தள்ளும்போது, பழுத்த பழங்கள் அடிபட்டு உதிர்ந்து நாலாபுறமும் சிதறுகின்றன. இறுக ஒட்டியிருக்கும் பழங்கள் குலையிலேயே நிற்கின்றன. பிறகு வந்து பார்க்கும் ஒருவர், சிதறிக்கிடக்கும் பழங்களெல்லாம் தரையிலேயே விளைந்தவை என்று நினைத்தால் எப்படி இருக்கும்? ஹார்மோன் ஏறாத ஏற்பி உட்கருவில் தளர்வாக ஒட்டியிருக்கிறது. உயிரணுவை அரைத்ததும் உதிர்ந்து நீரில் கலந்துவிடுகிறது. ஹார்மோன் ஏறிய ஏற்பியோ உட்கருவை இறுகப் பற்றிக்கொள்கிறது; அரைத்தாலும் விடுவதில்லை. அவர்கள் கண்டது பயணம் அன்று. பிடி இறுகியதைத்தான் கண்டார்கள்.

தம் பெயரோடு ஒட்டி நின்ற கொள்கையைத் தம் கையாலேயே திருத்தி எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? கோர்ஸ்கிக்கு வந்தது. அறிவியல் வளர்வது இத்தகையவர்களால்தான்.

உண்மையாகவே பயணம் செய்யும் ஏற்பி

இதைக் கேட்டதும், ஏற்பிகள் எதுவுமே இடம் பெயர்வதில்லை போலும் என்று எண்ணிவிடக்கூடாது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஆஸ்துமாவுக்கும் மூட்டு வீக்கத்துக்கும் மருத்துவர்கள் தரும் ஸ்டீராய்டு மருந்துகள் அதன் உறவினர்களே. இந்த ஹார்மோனுக்குரிய ஏற்பி, ஹார்மோன் வரும்வரை மெய்யாகவே சைட்டோபிளாசத்தில்தான் பெரும்பாலும் காத்திருக்கிறது. துணைப் புரதங்கள் சில அதைத் தாங்கிப் பிடித்து, ஹார்மோனை ஏற்கத் தக்க நிலையில் வைத்திருக்கின்றன. ஹார்மோன் வந்து பொருந்தியதும் அதன் உருவம் சற்றே மாறுகிறது. உட்கருவுக்குள் நுழைய உரிமை தரும் ஒரு பகுதி அதன் உடலிலேயே இருக்கிறது. அது இப்போது வெளித்தெரிகிறது. உட்கருவின் சுவரில் உள்ள நுண்துளைகளில் காவல்போல் நிற்கும் புரதங்கள் அந்த அடையாளத்தைக் கண்டு அதை உள்ளே விடுகின்றன. அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலான ஏற்பிகள் உள்ளே போய்விடுகின்றன.

ஆகவே ஒரு குடும்பத்துப் பிள்ளைகளே ஆனாலும், ஒருவன் வீட்டிலேயே இருக்கிறான். ஒருவன் அழைத்தால்தான் வருகிறான். வீட்டிலேயே இருப்பவனும் உண்மையில் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது 1990-களில் தெரிந்தது. 1991-இல் பிரான்சு நாட்டில் மில்க்ரோம் என்பவரின் குழுவினர், கருவைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோனின் ஏற்பியை ஆராய்ந்தார்கள். அது உட்கருவில் குடியிருப்பதுபோல் தோன்றினாலும் ஓயாமல் வெளியே வருவதும் உடனே உள்ளே திரும்புவதுமாக இருக்கிறது என்று கண்டார்கள். உள்ளே திரும்புவதற்கு உயிரணு தன் ஆற்றலைச் செலவழிக்கிறது. ஈஸ்ட்ரோஜென் ஏற்பியும் அவ்வாறே என்பது 1993-க்குள் தெரியவந்தது.

ஒளிரும் அடையாளம்

சாயம் ஏற்றிப் பார்க்கவும் உயிரணுவைக் கொன்றாக வேண்டும். உயிரோடு இருக்கும்போதே பார்க்க என்ன வழி? அந்த வழி கடலிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் பச்சை ஒளி வீசும் ஒருவகை சொறிமீன் உண்டு. ஜப்பானியரான ஒசாமு ஷிமோமுரா அதிலிருந்து ஒளிரும் பச்சைப் புரதத்தைப் பிரித்தெடுத்து 1962-இல் அறிவித்தார். 1994-இல் மார்ட்டின் சால்ஃபி அதன் மரபணுவை வேறு உயிர்களில் சேர்த்து அவற்றையும் ஒளிரச் செய்தார். ராஜர் சியன் அந்த ஒளியைப் பல நிறங்களில் பெருக்கினார். இம்மூவருக்கும் 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. ராஜர் சியன் சீன வம்சாவளியினர்.

1996-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் கார்டன் ஹேகரின் குழுவினர் இந்த ஒளிப்புரதத்தைக் கார்ட்டிசால் ஏற்பியோடு ஒட்டவைத்தார்கள். ஹார்மோனைச் சேர்த்ததும், உயிருள்ள அணுவுக்குள் பச்சை ஒளி உட்கருவை நோக்கிச் சென்று குவிவதைக் கண்ணாரக் கண்டார்கள்.

2000-ஆம் ஆண்டில் அதே குழுவினர் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. மரபணுவின் மேல் போய் அமர்ந்த ஏற்பி, வேலை முடியும்வரை அங்கேயே அமர்ந்திருக்கும் என்றுதான் அதுவரை பலரும் எண்ணினார்கள். திருவிழாப் பந்தியைத் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா இலைகளின் முன்னும் ஆட்கள் இருப்பார்கள். எப்போதும் அதே ஆட்கள்தானா, மாறி மாறி உட்காருகிறார்களா என்று தூரத்திலிருந்து தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவர்கள் ஒரு வழி செய்தார்கள். ஒரே மரபணுப் பகுதி ஏறக்குறைய 200 முறை வரிசையாக அமைந்திருந்த எலி உயிரணுவை எடுத்துக்கொண்டார்கள். ஏற்பிகள் அங்கே கூடியபோது அந்த இடம் ஒளிப்புள்ளியாகத் தெரிந்தது. லேசர் கதிரை அந்தப் புள்ளியின்மேல் மட்டும் பாய்ச்சி, அங்கிருந்த ஏற்பிகளின் ஒளியை அணைத்தார்கள். சில வினாடிகளில் அந்த இடம் மீண்டும் ஒளிர்ந்தது. ஒளி அணைந்தவை எழுந்து போய், ஒளியுள்ளவை வந்து அமர்ந்துவிட்டன! பந்தி நிறைந்தே இருக்கிறது. ஆட்கள் மட்டும் நொடிக்கு நொடி மாறுகிறார்கள்.

நம் வீட்டுக்கு இதனால் என்ன?

இனி, மூவரில் யார் என்ற அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் ஜென்சன் மார்பகக் கட்டிகளிலிருந்து சிறு துண்டு எடுத்து, அதில் ஈஸ்ட்ரோஜென் ஏற்பி இருக்கிறதா என்று சோதித்தார். ஏற்பி இல்லாத கட்டிகள் சுரப்பியை நீக்கும் சிகிச்சைக்கு அரிதாகவே இணங்கின. ஏற்பி நிறைந்த கட்டிகளில் பல, இணங்கிக் கரைந்தன. பலன் தராத அறுவையிலிருந்து பெண்கள் தப்பித்தார்கள். ஏற்பி எங்கே இருக்கிறது என்ற விடை பிழையாக இருந்த நாட்களிலேயே, ஏற்பி இருக்கிறதா இல்லையா என்ற விடை உயிரைக் காத்தது.

அதே காலத்தில் டமாக்சிஃபென் என்ற மாத்திரையும் வந்தது. 1962-இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலார் அதை உருவாக்கினார். கருத்தடைக்கென்று தேடிய மருந்து அது. அந்த வேலைக்கு உதவவில்லை. ஆனால் ஏற்பியின் இடத்தை அது முன்னதாகவே பிடித்துக்கொண்டு, மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜெனை அமரவிடாமல் செய்தது. 1971-இல் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர்கள் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் கண்டு எழுதினார்கள். 1973-இல் பிரிட்டனிலும் 1977-இல் அமெரிக்காவிலும் அதற்கு அனுமதி கிடைத்தது. கட்டியில் ஏற்பி இருக்கும் பெண்கள் ஐந்து ஆண்டுகள் அதைத் தவறாமல் உட்கொண்டால், அந்த நோயால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது பின்னாளில் உறுதியாயிற்று. ஏற்பி உட்கருவுக்குள் திரும்பிச் செல்லும் நடையையே தடுத்து, அதை அழித்துவிடும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற ஊசி மருந்தும் 2002-இல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. ஏற்பிகள் நடமாடுகின்றன என்று கண்டறிந்தது வீண்போகவில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். ஆகவே தாய்மார்களே, மார்பில் கட்டி தட்டுப்பட்டால் கூச்சத்தாலோ அச்சத்தாலோ மறைத்து வைக்காதீர்கள். வலி இல்லை என்று அலட்சியமாகவும் இருந்துவிடாதீர்கள். கட்டி புற்று என்று தெரிந்தால், "ஹார்மோன் ஏற்பிச் சோதனை செய்தீர்களா? முடிவு என்ன?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. மார்பகப் புற்றுகளில் நூற்றுக்கு 70 அளவில் ஈஸ்ட்ரோஜென் ஏற்பி உள்ளவையே. டமாக்சிஃபென் தந்திருந்தால், உடம்பு நன்றாகிவிட்டது என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். ஏற்பிகள் ஓயாமல் வேலை செய்வதால் மருந்தும் ஒவ்வொரு நாளும் அங்கே இருக்கவேண்டும். அந்த மருந்து கருப்பையில் வேறுவிதமாக நடந்துகொள்ளும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு மீண்டும் இரத்தப்போக்கு கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சுபவர்களுக்கும் ஒரு சொல். "இழுத்தேன், உடனே மூச்சு விடவில்லையே, இது உதவாத மருந்து" என்று தூக்கிப் போடாதீர்கள். அந்த மருந்து ஏற்பியைச் சேர்ந்து, ஏற்பி உட்கருவுக்குள் போய், மரபணுக்கள் விழித்து, அதன் பிறகே வீக்கம் தணிய வேண்டும். அதற்குப் பல மணி நேரமும், முழுப் பலனுக்குப் பல நாளும் ஆகும். உடனே மூச்சை விடுவிக்கும் மருந்து வேறு. நாள்தோறும் நோயை அடக்கிவைக்கும் மருந்து வேறு.

வியன்னாவில் ஐந்து பேர் மட்டும் கேட்ட அந்த உரையின் பயனை இன்று உலகெங்கும் பெண்கள் அனுபவிக்கிறார்கள். ஜென்சனுக்கு 2004-இல் லாஸ்கர் பரிசு என்ற பெரும் மருத்துவப் பரிசு கிடைத்தது; 2012-இல், 92 வயதில், அவர் மறைந்தார். அவர் பேசியபோது அரங்கம் காலியாக இருந்தது. அவர் சொன்னதில் ஒரு பகுதி பின்னர் திருத்தப்பட்டது. ஆயினும் உண்மை நின்றது, உயிர்களும் நின்றன.